வால்நட்சத்திரத்தைத் திருப்பிவிட்டால் செவ்வாயில் வாழலாமா?

கேள்வி: வால்நட்சத்திரம் முழுக்கப் பனிக்கட்டி என்கிறார்கள். நாலைந்தைத் திசைதிருப்பி செவ்வாயில் மோதவிட்டால் காற்றும் தண்ணீரும் கிடைத்துவிடாதா?

பதில்: திசைதிருப்புவது நடக்காத காரியம் இல்லை. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம், சுமார் 160 மீட்டர் அகலமுள்ள டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் வேண்டுமென்றே மோதியது. அந்தச் சிறுகோளின் வேகம் மாறியது நொடிக்கு 3 மில்லிமீட்டர்கூட இல்லை, எறும்பே அதைவிட வேகமாக ஊரும். ஆனால் பத்து வருடம் முன்னாடியே அப்படித் தட்டிவிட்டால் பல நூறு கிலோமீட்டர் விலகிவிடும். வால்நட்சத்திரத்தில் இன்னொரு வசதியும் உண்டு. ரோசெட்டா விண்கலம் 2014 முதல் 2016 வரை ஒரு வால்நட்சத்திரத்தின் கூடவே போய், வெயில் படும் பக்கத்தில் பனி ஆவியாகிப் பீச்சியடிப்பதைப் படமெடுத்தது. அந்தப் பீச்சல் அதையே எதிர்ப்பக்கம் லேசாகத் தள்ளும். வேண்டிய இடத்தில் மட்டும் சூடேற்ற முடிந்தால் அதுவே தனக்கு ராக்கெட்.

சிக்கல் கணக்கில்தான். ரோசெட்டா பார்த்த வால்நட்சத்திரம் சுமார் 4 கிலோமீட்டர் நீளம், எடை ஏறக்குறைய 1,000 கோடி டன். செவ்வாயில் இப்போது இருக்கும் காற்றோ சுமார் 25 லட்சம் கோடி டன், அதன் அழுத்தம் பூமியில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. அந்த அற்பக் காற்றை இரண்டு மடங்காக்கவே இதுபோல 2,500 வால்நட்சத்திரம் வேண்டும். சரி, கொண்டுவந்தோம் என்றே வைத்துக்கொள்வோம், அதன் பனியில் பெரும்பகுதி நீர்ப்பனி, செவ்வாயின் சராசரிக் குளிரோ மைனஸ் 60 டிகிரி, அதனால் ஆவியான நீர் காற்றாக நிற்காது, உறைந்து தரையில்தான் படியும். பனிக்கட்டி அங்கே துருவங்களில் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது. தேவை நைட்ரஜன் போல உறையாமல் நிற்கும் வாயு. வால்நட்சத்திரத்தில் அது கொஞ்சம்தான், அதுவும் பெரும்பாலும் அம்மோனியாவாக.

'சூரியனிலிருந்து வீசும் துகள்களைத் தடுக்கச் செவ்வாய்க்குப் பூமி போலக் காந்தப்புலம் இல்லை, கொடுத்த காற்றெல்லாம் பறந்துவிடும்' என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தக் கசிவு நொடிக்குச் சில கிலோதான். இப்போதுள்ள காற்று தீரவே கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

கேள்வி: அப்படி மோதும்போது அங்கே ஆட்கள் இருந்தால்?

பதில்: இருக்கவே கூடாது. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்நட்சத்திரத்தின் துண்டுகள் வியாழனில் விழுந்தபோது, சில இடங்களில் பூமி அளவுக்குக் கறுப்புத் தழும்பு விழுந்து மாதக்கணக்கில் தெரிந்தது. செவ்வாயில் ஒரு சின்னக் குடியிருப்பு வந்துவிட்டால்கூட, அப்புறம் இந்த யோசனையை மூட்டை கட்டிவிட வேண்டியதுதான்.