தேம்ஸ் ஆத்தைத் தாண்டுறதுக்கு டோல் ஏன்? டார்ட்ஃபோர்ட், பிளாக்வால், சில்வர்டவுன் பத்தி கேள்வி பதில்

கிழக்கு லண்டன், கென்ட், எஸ்ஸெக்ஸ் பக்கம் இருக்கற நம்மாளுங்க நிறைய பேர் டோல் பத்தியே கேட்டிருக்கீங்க. ரோட்டுல ட்ராஃபிக் எப்படி ஓடுதுன்னு கணக்கு போடறதுதான் என் வேலை, அதனால எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து ஒண்ணாக்கிட்டேன். பிளாக்வால், சில்வர்டவுன் ரெண்டும் கிழக்கு லண்டன்ல ஆத்துக்கு அடியில பக்கம் பக்கமா போற டனல்; டார்ட்ஃபோர்ட் அதுக்கும் கிழக்கே, லண்டனைச் சுத்திப் போற எம்25 ரோட்டுல ரெண்டு டனலும் ஒரு பாலமும் சேர்ந்தது.

கேள்வி: அண்ணா, பிளாக்வால் டனல் எங்க அப்பா காலத்துல இருந்து ஃப்ரீ. புதுசா சில்வர்டவுன் கட்டினாங்க, அதுக்குக் காசு கேக்கட்டும், சரி. பழைய டனலுக்கும் ஏன் சேர்த்துப் புடுங்கறாங்க?

இதைத்தான் அதிகம் பேர் கேட்டிருக்கீங்க. கிரீனிச் பக்கம் ரெண்டு டனலுக்கும் ஒரே ரோடு, ஏ102ல வந்து கடைசியிலதான் பிரியணும். ஒண்ணுல போனா 4 பவுண்ட், பக்கத்துல இருக்கறதுல போனா சும்மா அப்படின்னா எல்லாரும் பழைய டனல் வாசல்லயே வரிசை கட்டுவாங்க, அந்த வரிசை பின்னாடி நீண்டு புது டனலுக்குத் திரும்புற வழியையும் அடைச்சிடும், காசு குடுக்க ரெடியா இருக்கறவன் கூட போக முடியாது. அதனாலதான் 2025 ஏப்ரல் 7ல சில்வர்டவுன் திறந்த அன்னிக்கே ரெண்டுக்கும் ஒரே சார்ஜ் போட்டாங்க. கட்டின செலவை டோல் காசுல இருந்து திருப்பிக் குடுக்கணும்ங்கறதும் உண்மை, அதை நான் மறைக்கல. ஆனா கடனே இல்லாம யாரோ தானமா கட்டிக் குடுத்திருந்தா கூட ரெண்டுக்கும் சார்ஜ் போடுங்கன்னுதான் நான் சொல்லியிருப்பேன்.

கேள்வி: ஒரு டனல் இருந்த இடத்துல ரெண்டு ஆயிடுச்சு, நெரிசல் பாதியா குறையணும்தானே? அதுக்கப்புறமும் காசு எதுக்கு சார்?

இங்கதான் கொஞ்சம் பொறுமையா படிக்கணும், ஏன்னா டோல் விஷயமே இதுலதான் இருக்கு. ஒரு லேன்ல ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 1,800ல இருந்து 2,000 வண்டி போகலாம், அதுக்கு மேல எவ்வளவு நல்லா ஓட்டினாலும் போகாது. உதாரணத்துக்கு ரெண்டு லேன், மணிக்கு 3,600 வண்டின்னு வச்சுக்கோங்க. காலையில 7 மணியில இருந்து மணிக்கு 3,900 வண்டி வருது. 8 மணிக்கு 300 வண்டி வெளிய நிக்கும், கடைசி வண்டிக்கு 5 நிமிஷம் லேட். 9 மணிக்கு 600 வண்டி, 10 நிமிஷம். இப்ப அந்த 3,900ல 300 பேர் மட்டும் வேற நேரத்துக்கோ பஸ்ஸுக்கோ மாறிட்டா வரிசையே உருவாகாது. நூத்துல எட்டு பேர் கூட இல்ல. அந்த எட்டு பேரை நகர்த்தறதுக்குத்தான் விலை, எல்லாரையும் விரட்டறதுக்கு இல்ல. முதல் பந்தியில எல்லாரும் ஒரே நேரத்துல முண்டியடிச்சா எத்தனை இலை போட்டாலும் பத்தாது, கொஞ்சம் பேர் ரெண்டாம் பந்திக்கு நின்னா எல்லாரும் நிதானமா சாப்பிடலாம், அந்த மாதிரிதான்.

ரெண்டு டனல் ஆனா பாதியாகும்ங்கற கணக்கு ஏன் தப்புன்னா, நெரிசலுக்குப் பயந்து இவ்வளவு நாள் 6 மணிக்கே கிளம்பினவங்க, வேற வழியில சுத்திப் போனவங்க, ரயில்ல போனவங்க, இவங்க எல்லாரும் ரோடு காலியானதும் திரும்பி வருவாங்க. 1962லயே அமெரிக்காவுல ஆந்தனி டவுன்ஸ்னு ஒரு பொருளாதார அறிஞர் இதை எழுதிட்டார். பிரிட்டன்லயும் 1994ல அரசாங்கமே அமைச்ச நிபுணர் குழு, புது ரோடு போட்டா புது ட்ராஃபிக் உருவாகுதுங்கறது நிஜம்னு அறிக்கை குடுத்துச்சு. அதனால விலை இல்லாம கட்டற எந்தப் பாலமும் கொஞ்ச வருஷத்துக்குத்தான் சுகம்.

கேள்வி: நான் தெனமும் காலையில நார்த்ல இருந்து சவுத்துக்கு வேலைக்குப் போறேன். எனக்கும் 4 பவுண்டா?

இல்லீங்க. கார்னா திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் காலை 6லருந்து 10 வரை வடக்கு நோக்கி, சாயங்காலம் 4லருந்து 7 வரை தெற்கு நோக்கி, அதுக்குத்தான் 4 பவுண்ட். மத்த நேரம், மத்த திசை, சனி ஞாயிறு எல்லாம் 1.50. ராத்திரி 10லருந்து காலை 6 வரை ஒண்ணும் கிடையாது. ஆனா ஒரு முக்கியமான விஷயம், ஆட்டோ பே (கார் நம்பரைப் பதிஞ்சு வச்சா காசு தானா கழியற அக்கவுண்ட்) வச்சிருந்தாதான் அந்த 1.50. இல்லன்னா எந்த நேரம் போனாலும் 4தான். நீங்க கூட்டத்துக்கு எதிர் திசையில போறவர், இன்னிக்கே ஆட்டோ பே போட்டுடுங்க. வருமானம் கம்மியா இருந்து பக்கத்து பரோக்கள்ல குடியிருந்தா பாதி தள்ளுபடியும் உண்டு, அதுக்குத் தனியா அப்ளை பண்ணணும், தானா வராது.

கேள்வி: அண்ணை, டார்ட்ஃபோர்ட் பாலம் கட்டின கடன் முடிஞ்சாப் பிறகு காசு எடுக்க மாட்டம் எண்டுதானே சொன்னவை? இப்ப கூட்டியும் விட்டினம். இது ஏமாத்து வேலை இல்லையோ?

உங்க கோவம் நியாயமானது. மேற்கு டனல் 1963, கிழக்கு டனல் 1980, ராணி எலிசபெத் பாலம் 1991. பாலத்தை ஒரு தனியார் கம்பெனி கடன் வாங்கிக் கட்டுச்சு, கடன் அடைஞ்சதும் டோல் நிக்கும்னுதான் பேச்சு. கடனும் அடைஞ்சுது. ஆனா 2003 ஏப்ரல்ல போக்குவரத்துச் சட்டம் 2000த்தைக் காட்டி, டோலுன்னு இருந்ததை நெரிசல் சார்ஜ்னு மாத்தித் தொடர்ந்தாங்க. 2025 செப்டம்பர்ல காருக்கு 2.50ல இருந்து 3.50 ஆக்கினாங்க.

ஃப்ரீயா விட்டா என்ன ஆகும்னு இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் நடுவுல இருக்கற செவர்ன் பாலத்துல பாத்துட்டோம். 2018 டிசம்பர் 17ல அங்க டோலை மொத்தமா எடுத்தாங்க, வேல்ஸ் பக்கம் வண்டி கூடுச்சு, நியூபோர்ட்கிட்ட ஏற்கனவே திணறிட்டிருந்த எம்4ல இன்னும் கூட்டம். டார்ட்ஃபோர்ட் ஒரு நாளைக்கு 1,35,000 வண்டிக்குத்தான் டிசைன் பண்ணது, அதைத் தாண்டி எவ்வளவோ நாள் ஆச்சு. அதனால சார்ஜே வேண்டாம்னு என்னால சொல்ல முடியல.

ஆனா எனக்கு இதுல ஒரு பெரிய குறை இருக்கு. பேரு நெரிசல் சார்ஜ், காலை 8 மணிக்கும் 3.50, மத்தியானம் 1 மணிக்கும் 3.50. நேரத்தைப் பாத்து மாறாத விலை எப்படி நெரிசலைக் குறைக்கும்? மத்தியானம் போனா ஒரு பவுண்டாவது கம்மின்னு இருந்தா லாரிக்காரங்க, ரிட்டயர் ஆனவங்க, கடைக்கு சரக்கு எடுக்கறவங்க நேரத்தை மாத்துவாங்க. இப்ப மாத்தறதுக்கு ஒரு காரணமும் இல்ல, ராத்திரி 10 மணிக்கு மேல போனா மட்டும்தான் லாபம். சில்வர்டவுன்ல செஞ்சதை இங்க ஏன் செய்யலன்னு உங்க எம்பிக்கு எழுதுங்க. ஃப்ரீ ஆக்குங்கன்னு எழுதறதை விட இதுக்கு நியாயம் அதிகம்.

கேள்வி: 2014ல டோல் பூத் எல்லாம் எடுத்துட்டாங்க, கேமராதான். அப்புறமும் டார்ட்ஃபோர்ட்ல ஏன் நிக்குது?

தெற்குல இருந்து வடக்குப் போறது டனல் வழியா, வடக்குல இருந்து தெற்கு பாலம் வழியா. டனல் பக்கம்தான் தலைவலி. பெட்ரோல் டேங்கர் மாதிரி ஆபத்தான சரக்கு வந்தா தனியா உள்ள விட முடியாது, நாலஞ்சு சேர்த்து எஸ்கார்ட் வண்டியோட அனுப்பணும், அதுக்கு மத்த ட்ராஃபிக்கை சிவப்பு போட்டு நிறுத்தறாங்க. உயரமான லாரி தப்பான லேன்ல வந்துட்டா அதுக்கும் சிவப்பு, இடது டனல் 4.8 மீட்டர், வலது 5 மீட்டர். மேல சொன்ன கணக்கையே போடுங்க: மணிக்கு 3,600 வண்டி போற இடத்துல 5 நிமிஷம் நிறுத்தினா 300 வண்டி சேரும், ரோடு ஏற்கனவே நிரம்பி ஓடுதுன்னா அந்த 300 கரையறதுக்கு மணிக்கணக்கா ஆகும். பூத் எடுத்தது நல்லதுதான், ஆனா அடைப்பு பூத்துல மட்டும் இல்ல. பாலத்துப் பக்கம் காத்து பலமா அடிச்சா பாலத்தை மூடி ஒரு டனலை தெற்குக்குத் திருப்பி விடுவாங்க, அன்னிக்கு ரெண்டு பக்கமும் அவ்வளவுதான்.

பிளாக்வாலும் இதே கதை. வடக்கு போற டனல் 1897ல குதிரை வண்டி காலத்துல கட்டினது, உள்ள வளைஞ்சு வளைஞ்சு போகும், உயரம் 4 மீட்டர்தான். ஒரு உயரமான லாரி வந்துட்டா சென்சார் கத்தும், சிக்னல் சிவப்பாகும், அந்த லாரியை ஓரம் கட்டித் திருப்பி அனுப்பற வரைக்கும் எல்லாரும் நிக்கணும். சில்வர்டவுன்ல முழு உயர லாரியும் போகலாம், ஒவ்வொரு திசையிலும் ஒரு லேன் பஸ்ஸுக்கும் பெரிய லாரிக்கும்னு ஒதுக்கியிருக்காங்க. என்னைக் கேட்டா புது டனலோட பெரிய லாபமே இதுதான்.

கேள்வி: டார்ட்ஃபோர்ட் காசு, அதான் டார்ட் சார்ஜ், கட்ட மறந்துட்டேன், என்ன பண்றது?

போன மறுநாள் ராத்திரி 12 மணிக்குள்ள கட்டணும். தாண்டிட்டா 70 பவுண்ட் ஃபைன், 14 நாளுக்குள்ள கட்டினா 35. அரசாங்க சைட்லயே நேரா போய்க் கட்டுங்க, தேடினா மேல வர்ற வேற சைட்டுகள் கூடுதல் காசு வாங்கிக்கும். டார்ட் சார்ஜ் அக்கவுண்ட் இருந்தா பிளாக்வால், சில்வர்டவுனுக்கும் செல்லும்னு நினைச்சுடாதீங்க, அது வேற ஆபீஸ், வேற அக்கவுண்ட்.

கேள்வி: மேற்கு லண்டன்ல புட்னி, பேட்டர்ஸி எல்லா பாலமும் ஃப்ரீ. ஏழைங்க அதிகம் இருக்கற கிழக்குல மட்டும் டோல். இது அநியாயம் இல்லையா?

அநியாயம்தான், இதுல நான் யாருக்கும் வக்காலத்து வாங்க மாட்டேன். இந்தச் சண்டை புதுசும் இல்ல. 1877ல சட்டம் போட்டு மேற்குப் பக்கப் பாலங்களையெல்லாம் பொதுக் காசுல விலைக்கு வாங்கி டோலை எடுத்தாங்க. எங்க வரிக்காசும்தானே அதுல இருக்கு, எங்களுக்குப் பாலமே இல்லையேன்னு கிழக்குக்காரங்க கேட்டாங்க. அப்படி வந்ததுதான் 1889ல வண்டிகளை ஏத்திட்டுப் போற வுல்விச் ஃபெர்ரி, இன்னிக்கு வரைக்கும் ஃப்ரீ. 1897ல பிளாக்வால் டனலும் அதே நியாயத்துலதான் ஃப்ரீயா திறந்துச்சு.

டவர் பிரிட்ஜுக்குக் கிழக்கே வண்டியில ஆத்தைத் தாண்ட இருக்கற வழியே கைவிரல்ல எண்ணிடலாம். பெக்டன் பக்கம் ஒரு பாலம் கட்டற திட்டம் இருந்துச்சு, தேம்ஸ் கேட்வே பிரிட்ஜ், அதை 2008ல போரிஸ் ஜான்சன் மேயரா வந்ததும் நிறுத்திட்டார். வழி கம்மியா இருக்கறதாலதான் நெரிசல், நெரிசல் இருக்கறதாலதான் டோல், ஆக இவ்வளவு வருஷமா கட்டாம விட்டதுக்கான விலையை அங்க குடியிருக்கறவங்கதான் குடுக்கறாங்க. டோலை எடுக்கறது இதுக்குத் தீர்வு இல்ல, எடுத்தா அதே ஏழை வீட்டு ஜன்னலுக்கு வெளியதான் வண்டி நின்னு புகை விடும், அங்க கார் இல்லாத வீடும் நிறைய. டோல்ல வர்ற காசு பஸ்ஸா அவங்க தெருவுக்குத் திரும்பி வரணும். முன்னாடி பிளாக்வால் பக்கம் ஆத்தைத் தாண்ட 108 பஸ் ஒண்ணுதான், இப்ப எஸ்எல்4, 129 ரெண்டும் சில்வர்டவுன் வழியா ஓடுது. இன்னும் நாலு ரூட் விடணும், அதுக்காக சண்டை போடலாம், நானும் வர்றேன்.

கேள்வி: ரோதர்ஹித் டனல் இன்னும் ஃப்ரீதானே, அதுல போயிடலாமா?

ஃப்ரீதான். ஆனா 1908ல கட்டினது, 2 மீட்டர் அகலத்துக்கு மேல வண்டி போகக் கூடாது, 20 மைல் வேகம், சுத்தி போற பெட்ரோலையும் நேரத்தையும் சேர்த்தா 1.50 மிச்சம் பிடிக்கறதுக்காக அங்க போறது வேஸ்ட்.

கேள்வி: லோயர் தேம்ஸ் கிராசிங் வந்தா டார்ட்ஃபோர்ட் சரியாயிடுமா? அதுக்காவது டோல் இல்லாம இருக்குமா?

டார்ட்ஃபோர்ட் நெரிசலைக் குறைக்க அதுக்குக் கிழக்கே திட்டம் போட்ட புது ரோடு இது, 2025 மார்ச் 25ல அனுமதி கிடைச்சுது. கென்ட்ல ஏ2ல இருந்து கிரேவ்ஸெண்டுக்குக் கிழக்கே ஆத்துக்கு அடியில போய் டில்பரி பக்கம் ஏறி எம்25ல சேரும், மொத்தம் சுமார் 23 கிலோமீட்டர், அதுல டனல் மட்டும் 4 கிலோமீட்டருக்கு மேல. 2020ல ஒரு தடவை விண்ணப்பம் போட்டு வாபஸ் வாங்கி 2022ல திரும்பப் போட்டாங்க, அந்த விண்ணப்பக் காகிதமே 3,59,000 பக்கத்தைத் தாண்டுச்சு. செலவு 900 கோடி பவுண்டுக்கு மேல, திறக்கறது 2030களோட தொடக்கத்துல.

டார்ட்ஃபோர்ட்ல இருந்து சுமாரா அஞ்சுல ஒரு பங்கு வண்டி குறையும்னு கட்டறவங்களே சொல்றாங்க. மேல பாத்தீங்கல்ல, எட்டு சதவீதம் குறைஞ்சாலே வரிசை போயிடும், அதனால முதல் சில வருஷம் ரொம்ப நல்லா இருக்கும். அப்புறம் கென்ட்லயும் எஸ்ஸெக்ஸ்லயும் அந்த ரோட்டை நம்பி புது வீடு, புது குடோன் எல்லாம் வரும், வண்டி கூடும். டோல் உண்டு, டார்ட்ஃபோர்ட் மாதிரியே சார்ஜ்தான் திட்டத்துல இருக்கு. அதுவும் நாள் முழுக்க ஒரே விலையா வந்துடக் கூடாதுங்கறதுதான் என் கவலை, திறக்கறதுக்கு முன்னாடியே மறக்காம நேரத்துக்கு ஏத்த விலை வேணும்னு உங்க எம்பிக்கு எழுதிப் போடுங்க.