சரவிளக்கும் வாத்தும்

அன்புள்ள சார்,

வணக்கம். பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்களிலேயே சிறந்தது 'ஃபால்டி டவர்ஸ்' என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மொத்தமே 12 எபிசோட். 1975இல் ஆறு, 1979இல் ஆறு. 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்' 1981இல் தொடங்கி 2003 வரை வந்தது. 2004இல் பிபிசி நடத்திய வாக்கெடுப்பில் அதற்குத்தான் முதலிடம், ஃபால்டி டவர்ஸுக்கு ஐந்தாம் இடம். மக்களே சொல்லிவிட்டார்களே? தவிர, ஃபால்டி டவர்ஸின் நாயகன், ஓட்டல்காரன் பாசில் ஃபால்டி வெறும் கோபக்காரன். ஒன்லி ஃபூல்ஸின் நாயகன் டெல் பாயிடம் பாசம் இருக்கிறது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டெல் பாயை எனக்கும் ரொம்பப் பிடிக்கும். 1982இல் வந்த அந்தச் சரவிளக்குக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் சிரிப்பு வருகிறது. பிரபு ஒருவரின் மாளிகையில், விளக்கைச் சுத்தம் செய்வதில் கைதேர்ந்தவர்கள் என்று புளுகி டெல் வேலையைப் பிடித்துவிடுகிறான். அவனும் தம்பி ராட்னியும் ஏணிமேல் நின்று, விளக்குக்குக் கீழே துணியை விரித்துப் பிடித்திருக்கிறார்கள். மாடியில் தாத்தா திருகாணியைக் கழற்றுகிறார். விழுந்து நொறுங்குவது அந்தக் கூடத்தில் இருக்கும் இன்னொரு விளக்கு! இதை எழுதிய ஜான் சல்லிவன் மகா எழுத்தாளர், சந்தேகமே இல்லை.

வாக்கெடுப்பை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. 2000இல் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் தொலைக்காட்சித் துறையினரிடம் கேட்டு ஒரு பட்டியல் போட்டது. அதில் எல்லா வகை நிகழ்ச்சிகளுக்கும் சேர்த்தே முதலிடம் ஃபால்டி டவர்ஸுக்கு. மக்கள் தங்களோடு கூடவே வயதான குடும்பத்துக்கு வாக்களித்தார்கள். தொழில் தெரிந்தவர்கள் கட்டுமானத்தைப் பார்த்தார்கள். நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

'கூர்மே நைட்' எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். தன் ஓட்டலுக்குக் கண்டவனும் வரக்கூடாது, பெரிய மனிதர்கள் மட்டும் வரவேண்டும் என்று பாசில் ஒரு விருந்துக்கு ஏற்பாடு செய்கிறான். அன்றைக்குப் பார்த்து சமையல்காரர் குடித்துவிட்டுக் கிடக்கிறார். வேறொரு உணவகத்திலிருந்து சமைத்த வாத்தை வாங்கி வரவேண்டிய நிலை. முதல் வாத்து தரையில் விழுந்து பாழாகிறது. இரண்டாவதை எடுத்து வரும்போது வழியில் கார் நின்றுவிடுகிறது. பாசில் காரைத் திட்டுகிறான், எச்சரிக்கிறான், கடைசியில் ஓடிப்போய் ஒரு மரக்கிளையை ஒடித்து வந்து அதை விளாசுகிறான். எல்லோரும் நினைவில் வைத்திருப்பது இந்த அடியைத்தான். ஆனால் எபிசோட் தொடங்கும்போதே பாசில் அந்தக் காரோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறான். மெக்கானிக்கிடம் விடச் சொல்கிறாள் மனைவி சிபில், அவன் கேட்பதில்லை. அந்தக் கஞ்சத்தனத்துக்கான தண்டனை நடுத்தெருவில் கிடைக்கிறது. அப்புறம் தட்டின் மூடியைத் திறந்தால் உள்ளே வாத்து இல்லை, இனிப்பு! மூடிவிட்டு மறுபடி திறக்கிறான். நம்ப முடியாமல் கைவிட்டுத் துழாவுகிறான். நொடியில் வந்துபோகும் ஒரு சிரிப்புக்குக்கூட முன்கூட்டியே காரணம் வைத்திருக்கிறார்கள், தொடரை எழுதிய ஜான் கிளீஸும் கானி பூத்தும். கணவன் மனைவியாக இருந்த இருவரும் 1978இல் விவாகரத்து செய்துகொண்டார்கள். அப்படியும் அடுத்த ஆண்டு வந்த எபிசோடுகளில் தரம் இறங்கவில்லை.

பாசிலை வெறும் கோபக்காரன் என்று சொல்வது சரியில்லை. மேட்டுக்குடி தன்னை மதிக்கவேண்டும் என்று ஏங்குகிற மனிதன் அவன். யாராவது பிரபு என்று தெரிந்தால் குழைகிறான், சிபிலைக் கண்டால் நடுங்குகிறான், ஏழை பணியாள் மானுவேலை அடிக்கிறான். அவன் கோபம் அந்த ஏக்கத்திலிருந்து வருவது. டெல்லின் பாசத்தை எழுதுவதைவிட இப்படி ஒருவனை எழுதி, நம்மை அவன் பக்கம் நிற்கவைப்பது கடினம் என்று நினைக்கிறேன்.

எண்ணிக்கை விஷயத்துக்கு வருகிறேன். 1996 கிறிஸ்துமஸ் எபிசோடில் டெல்லும் ராட்னியும் கோடீஸ்வரர்கள் ஆனார்கள். 2.4 கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். அதைவிட அழகான முடிவு எந்தத் தொடருக்கும் கிடைத்திருக்காது. ஆனால் 2001இல் திரும்பக் கொண்டுவந்தார்கள், அந்தப் பணம் முழுவதையும் இழக்கவைத்து! அண்ணன் தம்பி அந்தி வெளிச்சத்தில் நடந்துபோன காட்சியை ரசித்தவர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். கிளீஸும் பூத்தும் 12 எபிசோடோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2001இலிருந்து 2003 வரை வந்த அந்த மூன்று எபிசோடுகளும் உங்களுக்குப் பிடித்திருந்ததா? அதை மட்டும் எழுதுங்கள்.