ஷாஃப்டைக் குறைக்கலாம், நடுவில் அறுக்க வேண்டாம்

கேள்வி: வீட்டிலேயே நான் கட்டிவரும் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பழைய வண்டியின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸின் சுழற்சியைப் பின் ஆக்ஸிலுக்குக் கொண்டுசெல்லும் குழாய்த்தண்டு) நீளமாக இருக்கிறது. நடுவில் அறுத்து, நானே வெல்டிங் செய்யலாமா?

பதில்: இரண்டுமே வேண்டாம். டாப் கியரின் விகிதம் 1:1 என்றால், எஞ்சின் 6000 ஆர்பிஎம்மில் ஓடும்போது ஷாஃப்டும் நொடிக்கு 100 முறை சுழலும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத கோணல்கூட கியர்பாக்ஸின் பின்பக்க பேரிங்கையும் ஆயில் சீலையும் தின்றுவிடும். இவ்வேலைக்கென்றே உள்ள பட்டறையில், ஒரு முனையின் பழைய வெல்டிங்கை லேத்தில் கடைந்தெடுத்து, குழாயை அங்கே குறைத்து, யோக்கை (இரு காதுகளால் ஜாயின்டைப் பிடிக்கும் கவை போன்ற முனைத்துண்டு) மீண்டும் இறுக்கமாகச் செலுத்துவார்கள். வெல்டிங்குக்கு முன், இரு முனை யோக்குகளின் காதுகளும் ஒரே தளத்தில் உள்ளனவா என்று நீங்களும் பாருங்கள். திரும்பியிருந்தால், இரு யுனிவர்சல் ஜாயின்டுகளின் (சாய்வான கோணத்திலும் சுழற்சியைக் கடத்தும் இணைப்புகள்) வேக ஏற்ற இறக்கம் ஒன்றையொன்று ஈடுசெய்யாமல் வண்டி அதிரும், அதை எந்த பேலன்சிங்கும் தீர்க்காது. பிறகு டயல் கேஜில் (நுண்ணிய அளவு காட்டும் முள் கருவி) கோணல் பார்த்து, டைனமிக் பேலன்சிங்கும் (சுழலவிட்டு எடையைச் சமன்செய்தல்) செய்தே வாங்க வேண்டும்.

பெரும்பாலும் பிழை நேர்வது பட்டறையில் அல்ல, நாம் அளவெடுக்கும்போதுதான். ஆக்ஸில் தொங்கும் நிலையில் அளக்காமல், எஞ்சின் முதல் இருக்கை வரை அனைத்தையும் பொருத்தி, சக்கரங்கள் தரையில் நிற்கும்போது அளந்து, ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் நழுவும் முன்முனை யோக்) முழுவதும் உள்ளே போன நிலையிலிருந்து சுமார் 20 முதல் 25 மி.மீ. வெளியே நிற்கும்படி நீளத்தைக் குறித்துக் கொடுங்கள். முன் ஜாயின்ட் உடைந்தால் ஷாஃப்ட் சாலையில் குத்தாதிருக்க, அதனருகே ஓர் எஃகு வளையத்தையும் சேஸிஸில் பொருத்திவிடுங்கள்.