கோபமா எழுதினா எழுதட்டும் டீச்சர்

எட்டாம் வகுப்புக்கு மியூசிக் எடுக்கறீங்க, மனசுல இருக்கறத பாட்டா எழுதுங்கன்னா பாதிப் பேர் வெறும் பேப்பர நீட்டறாங்க, ஒரு பையன் மட்டும் பக்கம் பக்கமா கோபத்த கொட்டறான், அதத் திருத்திக் குடுத்து ஆண்டு விழால பாட வைக்கலாமான்னு கேட்டிருக்கீங்க.

திருத்தவே திருத்தாதீங்க டீச்சர். எழுத்துப் பிழை, தாளத்துல உக்காராத வரி, கெட்ட வார்த்தை எதுவா இருந்தாலும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும். சிவப்பு பேனா பட்டுட்டா அது ஹோம்வொர்க் ஆயிடும், அடுத்த வாரம் உங்களுக்குப் பிடிக்கிற மாதிரி நல்லதா ஒண்ணு எழுதிட்டு வருவான், ஆனா அதுல அவன் மனசு இருக்காது.

வெறும் பேப்பர் குடுக்கறவங்களுக்கு மியூசிக் தெரபில, அதாவது இசைய வச்சு மனசுக்குத் தர்ற சிகிச்சைல, ரொம்ப காலமா செய்யற ஒரு வழி இருக்கு. எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு மெட்டு எடுத்துக்கோங்க, வரிய பாதி நீங்களே எழுதிட்டு மீதிய விட்டுடுங்க: "நான் பேசாம இருந்தா அதுக்கு அர்த்தம்...", "யாரும் பாக்காதப்ப நான்..." அவ்ளோதான், ஒரு வார்த்தை போட்டாலே போதும். அது பழகினதும் அதே மெட்டுக்கு முழு வரி, சொந்த மெட்டெல்லாம் அப்புறம். 'நான்'னு எழுத கூச்சப்படற பிள்ளைங்கள அவங்க ஸ்கூல் பேக் பேசற மாதிரி எழுதச் சொல்லுங்க, பேக் பேர்ல நெறைய உண்மை வெளிய வரும். பல்லவில எத திரும்பத் திரும்ப வைக்கறாங்கன்னும் கவனிங்க.

அந்தப் பையன் விஷயத்துக்கு வரேன். கோபமா இருக்கறவன சாந்தமான மெட்டுல உக்கார வைக்காதீங்க. ஐரா ஆல்ட்ஷுலர்ங்கற மனநல டாக்டர் 1940-கள்லயே சொன்னது, ஆள் எந்த மனநிலைல இருக்காரோ மொதல்ல அந்த இசை, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா மாத்தணும்னு. கீபோர்டுல சில ஸ்வரங்கள ஒண்ணா அழுத்தற கார்டு (chord) ரெண்டு, பளிச்சுனு கேக்கற மேஜர் ஒண்ணு, சோகமா கேக்கற மைனர் ஒண்ணு வாசிச்சுக் காட்டி எது வேணும், எவ்ளோ வேகம்னு அவனயே முடிவு பண்ண விடுங்க. "இது உங்க அப்பாவப் பத்தியா?"ன்னு தயவுசெஞ்சு கேக்காதீங்க, "இந்த வரிய சத்தமா பாடணுமா, மெதுவாவா?"ன்னு கேளுங்க. எந்த வரிக்கு மெதுவான்னு சொல்றானோ அங்கதான் வலி இருக்கும்னு எனக்குத் தோணும், அவனா பேசற வரைக்கும் காத்திருங்க.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லணும், நீங்க டீச்சர், பயிற்சி எடுத்த தெரபிஸ்ட் இல்ல. சாகணும், என்னை அடிக்கறாங்க, தொடறாங்கன்னு ஒரு வரி வந்தாலும் அன்னிக்கே ஸ்கூல் மனநல கவுன்சிலர்கிட்ட போயிடணும். அதனால "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு குடுத்துடாதீங்க, ஆபத்துன்னா சொல்லுவேன்னு கிளாஸ்ல மொதல்லயே சொல்லி வச்சிடுங்க.

ஆண்டு விழா இந்த வருஷம் வேணாமே. அவனே வந்து பாடறேன்னு கேட்டா பாடட்டும், எந்த வரி மேடைக்கு, எந்த வரி நோட்டுலயே இருக்கணும்ங்கறது அவன் முடிவு. கேக்காம ஃபோன்ல ரெக்கார்டு பண்ணி பேரன்ட்ஸ் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க.