பெயர் அவருக்கு, எழுத்து எனக்கு

கேள்வி: பாம்பனைச் சேர்ந்த விசைப்படகு உரிமையாளர் ஒருவர் சொல்லச் சொல்ல அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருகிறேன். ஆசிரியராக அவர் பெயர் மட்டுமே வரும். பாதிப் பணமும் வாங்கிவிட்டேன். இது வாசகரை ஏமாற்றுவது என்கிறான் என் தம்பி. மேலும், 1964 புயலின்போது தொண்டியில் பாட்டி வீட்டிலிருந்த அவர், தனுஷ்கோடியில் இருந்ததாக எழுதச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, மண்டபம்.

பதில்: பெயரைப் பற்றிய உங்கள் தம்பியின் கவலை எனக்கு இல்லை. கடலில் நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு எழுத வராவிட்டால், எழுதத் தெரிந்தவரைக் கூலிக்கு அமர்த்திக்கொள்வது குற்றமாகாது. ஆனால் வாய்ப்பேச்சோடு நிறுத்திவிடாதீர்கள். மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக எழுதுவது பொதுவாக முதலாளிக்கு உரியது. தொகை பேசி ஒரு புத்தகம் எழுதித் தரும் உங்களைப் போன்றவருடைய எழுத்து, 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் கையெழுத்திட்டு மாற்றிக் கொடுக்கும்வரை உங்களுடையதே. எத்தனை ஆண்டுக்கு என்று அந்தத் தாளில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றே கொள்ளப்படும். உரிமையை விற்ற பின்னும் 'இதை எழுதியவர் நான்' என்று கோரும் உரிமை 57ஆம் பிரிவின்படி எழுதியவரிடமே நிற்பதால், தாள் எழுதிக்கொள்வது அவருக்கும் நல்லது. முன்னுரையில் 'கேட்டு எழுதியவர்' என்று ஒரு வரி வேண்டுமானால் மீதிப் பணம் வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்.

தனுஷ்கோடி விஷயம் வேறு. டிசம்பர் 22 இரவில் ரயிலோடும் வீடுகளோடும் போனவர்களின் பிள்ளைகள் இன்றும் ராமேஸ்வரம் தீவில் வாழ்கிறார்கள். புத்தகம் வெளியானால் அதை முதலில் புரட்டப்போவதும் அவர்களே. அவர்கள் முன்னால் அவர் பொய்யராக நிற்பார். அதற்கான வாக்கியங்களைச் செய்து கொடுத்தவர் நீங்கள் என்பது ஊருக்குத் தெரியாமல் இருக்கலாம், உங்களுக்குத் தெரியும். (நம் பக்கத்தில் ஊருக்குத் தெரியாமல் எதுவும் இருக்காது என்பது தனிக்கதை.) மரியாதை குறையாமல் மறுத்துவிடுங்கள்.

மறுப்பதோடு, அவரிடம் இல்லாத அனுபவத்துக்குப் பதிலாக இருப்பதைக் கேட்டுப் பாருங்கள். தாயும் தகப்பனும் பாம்பனில், பிள்ளை தொண்டியில், பாலம் உடைந்து ரயில் நின்றுபோன அந்த நாட்களில் வீட்டார் உயிரோடு இருக்கும் செய்தி அவருக்கு எப்படி வந்தது, யார் கொண்டுவந்தார்கள், அதுவரை பாட்டி என்ன சொல்லி வைத்திருந்தார்? அதற்கும் அவர் இணங்காவிட்டால் அந்த அத்தியாயத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றதை முடித்துக் கொடுத்துக் கணக்கைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.