தீவட்டிக்காரன் ஏன் ஓடினான்?

கேள்வி: ஞாயிறுதோறும் எங்கள் வீட்டு மாடியில் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம்; ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. வீரர்கள் ஐந்து பேர், ஆட்டம் நடத்துபவர் தனி. நாளுக்கு 2 வெள்ளி கூலி பேசித் தீவட்டி பிடிக்க ஒருவனை அமர்த்தினோம். கூலி பாக்கியே இல்லை. போன வாரம் பாதாளத்தில் ஓகர் என்ற அரக்கன் எதிர்ப்பட்டதும், நடத்துபவர் பகடையை உருட்டிவிட்டு “அவன் ஓடிவிட்டான்” என்றார். தீவட்டியோடு 330 பொன் இருந்த மூட்டையும் போயிற்று. வாங்கிய கூலிக்கு விசுவாசம் வேண்டாமா? இது ஓரவஞ்சனை இல்லையா?
— ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கேள்வியைச் சுருக்கித்தான் அச்சிட்டிருக்கிறேன். உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் உங்கள் பாத்திரமான பாலடினின், அதாவது புனித வீரனின், வாளுக்குப் பெயர் இருக்கிறது. சுமை இழுக்கும் கழுதைக்கு ‘வெல்லம்’ என்று பெயர் இருக்கிறது. நான்கு வாரம் உங்களுக்கு வெளிச்சம் காட்டியவன் நான்கு பக்கத்திலும் ‘அவன்’தான்.

இரண்டாம் பக்கத்தில் நீங்களே எழுதியிருப்பது: பொறி இருக்குமோ என்ற சந்தேகத்தில் அவன் இடுப்பில் கயிற்றைக் கட்டி முன்னால் நடக்கவிட்டீர்கள். குழியில் விழுந்தான். தூக்கினீர்கள், சரி. குணமாக்கும் மருந்துக் குப்பி கையில் இருந்தும் ஊற்றவில்லை, “50 பொன் மருந்தை இவனுக்கா?” என்று மந்திரவாதி கேட்க, எல்லோரும் சிரித்தீர்களாம். பத்து வெள்ளி ஒரு பொன். நாளுக்கு 2 வெள்ளி வாங்குகிறவனுக்கு அந்தக் குப்பி 250 நாள் கூலி. அந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியாவிட்டாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

இனி விதிக்கு வருவோம். 2014 பதிப்பில், நடத்துபவருக்கான கையேட்டிலேயே விசுவாசத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. கட்டாயமில்லை, விரும்பினால் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ‘வசீகரம்’ என்று ஆளை ஈர்க்கும் திறனுக்கு ஓர் எண் உண்டு. குழுவில் யாருக்கு அது அதிகமோ அவருடைய எண்தான் விசுவாசத்தின் உச்சவரம்பு. தொடக்கம் அதில் பாதி. உங்கள் பாலடினுக்கு 16 என்கிறீர்கள். ஆகவே அவன் 8-இல் தொடங்கினான். உடன் வருபவனை வதைத்தாலோ, ஏமாற்றினாலோ, தன்னலத்துக்காக ஆபத்தில் தள்ளினாலோ இரண்டு நான்முகப் பகடைகளை உருட்டி, வந்ததைக் கழிக்க வேண்டும். சராசரி ஐந்து. குழிக்கு ஒரு முறை, குப்பிக்கு ஒரு முறை. எட்டில் பத்து போனால் மிச்சம் என்ன என்று உங்கள் தம்பியைக் கேளுங்கள், மூன்றாம் வகுப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பூச்சியத்துக்கு வந்தவன் பிரிந்து போகப் பகடையே தேவையில்லை. உங்கள் நண்பர் மரியாதைக்காக உருட்டியிருக்கிறார்.

இந்தக் கணக்கை நடத்துபவர் இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்பதும் விதி. ஆகவே உங்களிடம் காட்டாதது குற்றமில்லை. ஆனால் ஒரு குறை அவர்மீதும் உண்டு. மனம் கசந்தவன் ஒரே நாளில் ஓடமாட்டான். முதலில் பேச்சைக் குறைப்பான், பிறகு தீவட்டியைத் தாழ்த்திப் பிடிப்பான், சாப்பாட்டைத் தனியே வைத்துக்கொள்வான். அதையெல்லாம் நடித்துக் காட்டியிருக்க வேண்டும்.

1974-இல் இந்த ஆட்டம் வந்த நாளிலிருந்தே ஆள் அமர்த்துவது அதில் பெரிய வேலை. 1981 அடிப்படைப் பதிப்பில் வசீகரம் 9 முதல் 12 வரை என்றால் நான்கு பேரை உடன் வைத்துக்கொள்ளலாம், அவர்களின் மனத்திடம், அதாவது ஆபத்தில் ஓடாமல் நிற்கும் துணிவின் எண், 7. வசீகரம் 18 என்றால் ஏழு பேர், மனத்திடம் 10. இரண்டு அறுமுகப் பகடைகளில் அந்த எண்ணைத் தாண்டி விழுந்தால் ஆள் நிற்கமாட்டான். மனத்திடம் ஏழு என்றால் 36-க்கு 15 தடவை ஓட்டம். பத்து என்றால் 36-க்கு மூன்றே தடவை. நல்லபடி நடத்தினால் எண்ணை ஏற்றலாம், கொடுமை செய்தால் இறக்கலாம் என்று நடத்துபவருக்கு அப்போதே அதிகாரம் கொடுத்துவிட்டார்கள். கூலிப்படையினரோ பாதாளத்துக்குள் வரவே மாட்டார்கள். உள்ளே வருகிறவன் பங்குக்காக வருகிறான். கூலிக்கு மாரடிப்பவன் ஓகரிடம் ஏன் அடி வாங்க வேண்டும்?

பாலாற்றைத் தாண்டினால் உங்களுக்கு வேலூர்க் கோட்டை. 1806 ஜூலை 10 அதிகாலையில் அங்கே கலகம் செய்த சிப்பாய்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சம்பளக்காரர்கள்தாம். நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையைக் கட்டு என்று உத்தரவு வந்தது. எதிர்த்துச் சொன்னவர்களுக்குக் கசையடி கிடைத்தது. கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த திப்புவின் பிள்ளைகளும் ஒரு காரணம் என்பார்கள், இருக்கட்டும். மக்கான் பக்கம் நினைவுத்தூணைக் கடக்கும்போது அந்தத் தலைப்பாகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதே கம்பெனி, அதே கூலி வழக்கம், இங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் ஆற்காடு. 1751-இல் 50 நாள் முற்றுகையில் சோறு குறைந்தபோது, சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுக் கஞ்சித் தண்ணீரே போதும் என்று சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை வழிவழியாக வருகிறது. நம்புகிறவர் நம்பட்டும். அங்கே கம்பெனிப் படையை நடத்திய கிளைவுக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் அவர்களில் யாரையும் இடுப்பில் கயிறு கட்டி முன்னால் அனுப்பியதாக அந்தக் கதையில் இல்லை.

மந்திரவாதிக்கும் உங்களுக்கும் ‘யாருடைய ஆள் அவன்’ என்று சண்டையாம். ஒருவர் பேசி அமர்த்துங்கள், அவரே பதில் சொல்லட்டும். ஐந்து பேரும் ஆளுக்கொரு பக்கம் ஏவினால் கழுதைகூட நிற்காது, வெல்லமாகவே இருந்தாலும்.

கடைசியாக, மூட்டை. உடன் வருகிறவனுக்கு அரைப் பங்காவது கொடுப்பது பழைய ஆட்டக்காரர்களின் வழக்கம். நீங்கள் ஐந்து பேர், அவன் அரை: ஐந்தரைப் பங்கு. 330-ஐ வகுத்தால் பங்குக்கு 60. அவனுடைய 30 போக, 300 பொன்னுக்கு மட்டும் புகாரைத் திருத்தி எழுதி அனுப்புங்கள். குழியில் விழுந்ததற்கான வைத்தியச் செலவை இன்னும் கழிக்கவில்லை.