கேளுங்க சொல்றோம்: ஆர்னிகா பாட்டில்ல இருக்குற மஞ்சப் பூ

கேள்வி: தம்பி, ஆர்னிகா ஹேர் ஆயில் பாட்டில் மேல ஒரு மஞ்சப் பூ படம் இருக்கே, அது சாமந்திதானே? வீட்டுக்காரர் வரப்புல வழுக்கி விழுந்து முட்டிய சிராய்ச்சுக்கிட்டு ஆர்னிகா க்ரீம் வாங்கிட்டு வந்திருக்கார், போடலாமா? செடி கிடைச்சா கொல்லையில வச்சுடலாம்னு இருக்கேன்.
- ஒரு வாசகி, திருவையாறு

பதில்: முதல்ல அந்த க்ரீமை மூடி வைங்கக்கா. தோல் உரிஞ்ச இடத்துல ஆர்னிகா படக்கூடாது, தோல் கிழியாம உள்ளுக்குள்ள கன்னிப்போன இடத்துக்கும் வீக்கத்துக்கும்தான் அதைத் தடவுறது. அதுல ஹெலனலின்னு ஒரு ரசாயனம் இருக்கு, செடிய அப்படியே உள்ளுக்குச் சாப்பிட்டா விஷம், சிலருக்கு மேல தடவுனாலே அரிச்சுத் தடிச்சுடும். சாமந்தி தொட்டா கை அரிக்கிற ஆளுங்க ரொம்ப உஷாரா இருக்கணும். ஹோமியோ உருண்டை வேற கதை, 30சின்னா நூத்துல ஒரு பங்கா 30 தடவை கரைச்சது, அதுல பூ எங்க மிஞ்சும், விஷமும் இல்ல. இப்போதைக்குக் காயத்தை சோப்பு போட்டுக் கழுவுங்க, வயக்காட்டு மண்ணு பட்ட காயம், டிடி ஊசி போட்டு எத்தனை வருஷமாச்சுன்னும் அவர்கிட்ட கேளுங்க.

பாட்டில்ல இருக்குற பூ சாமந்தி இல்ல, ஆனா சாமந்திக்கும் சூரியகாந்திக்கும் பங்காளி. கடைத்தெருவுல துலுக்கச் சாமந்தி ஒண்ணு வாங்கிப் பிச்சுப் பாருங்க, ஒரே பூன்னு நெனச்சது நெறைய குட்டிப் பூவா உதிரும், ஆர்னிகாவும் அந்த மாதிரிதான். இலையெல்லாம் தரையோட படிஞ்சு கெடக்கும், நடுவுல முடி முடியா ஒரு தண்டு ஒண்ணு ரெண்டு அடிக்குள்ள நிக்கும், உச்சியில ஆரஞ்சு கலந்த மஞ்சள் பூ, ஓரத்து இதழ் மட்டும் தலை வாராத பிள்ளை மாதிரி அங்கங்க தொங்கும்.

கொல்லையில வராதுக்கா. அது ஐரோப்பாவுல ஆல்ப்ஸ், பிரெனீஸ் பக்கத்து மலைப் புல்வெளிச் செடி, குளிரும் சுண்ணாம்பு இல்லாத புளிச்ச மண்ணும் வேணும். நம்ம ஊர்ல உரம் போடலன்னா பயிர் சோர்ந்துடும், அதுக்கு உரம் போட்டா மத்த புல்லெல்லாம் மேல ஏறி அதை அமுக்கிடும். ஐரோப்பாவுல பல இடத்துல அது குறைஞ்சு போனதுக்கு இதுவும் ஒரு காரணம். காவிரி வண்டல்ல எப்படி நிக்கும் சொல்லுங்க?

தலைக்குத்தான்னா வாய்க்கா ஓரம் தேடுங்க, மஞ்சள் கரிசாலை கெடைக்கும், அதுவும் அதே குடும்பம்தான். முடி கொட்டுறது நிக்கும்னு நான் கியாரண்டி தரல, ரெண்டுக்குமே தரமாட்டேன். வெட்டுக்காயப் பூண்டும் இந்தக் கூட்டம்தான், பம்ப்செட்டுப் பக்கம் விழுந்து வாரும்போதெல்லாம் எங்க அப்பத்தா அதைக் கசக்கிப் பிழிஞ்சு விடும், எரியும் பாருங்க, ஊரே கேக்கும்படி கத்துவேன்!